இல்லாத ஆளுக்கு ஒரு கதவு

விடிய முன்னம், நாலே முக்காலுக்கு, நேசமலர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். வாளிக்கு மேல் ஒரு பழைய தகர மூடி, மூடிக்கு மேல் ஈரத்துணி. கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று சொல்லப்படும் அந்தச் சேரி வளவின் இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தவை ஒரு தண்ணீர்க் குழாயும் இரண்டு கக்கூஸும். அவற்றில் ஒன்று பீங்கான் உடைந்து நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மற்றதன் முன்னால் ஐந்து மணிக்கெல்லாம் வரிசை நிற்கும். வரிசையில் முதல் ஆள் வந்து சேர முன்னம் வாளியை ஊற்றி, கழுவி, திரும்பிவிட வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம். நாலு நாளில் ஒரு நாள் அது முடியாமற் போகும். அப்போது யாராவது மூக்கைப் பொத்துவார்கள். யாராவது, "அக்கா முதல்ல போகட்டும், விடுங்கோ" என்று வழி விடுவார்கள். மூக்கைப் பொத்தியவர்களை அவள் அன்றைக்கே மறந்துவிடுவாள். வழி விட்டவர்களை மறப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

வாளி அவளுடைய தம்பி கிளெமென்றுக்காக. அவனுக்கு முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் தோணி வைத்திருந்தவன். வலை காயப்போட்டுக்கொண்டு நின்றபோது கரையில் விழுந்த ஷெல் அவனுடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே கொண்டுபோய்விட்டது. கொழும்பு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கவென்று வவுனியாவில் ஒரு மாதம் தங்கும் அனுமதிப் பாஸ் வாங்கிக்கொண்டு தொண்ணூற்றைந்தில் வந்தான். வைத்தியம் முடிய நாலு மாதம் எடுத்தது. அதற்குள் பாஸ் காலாவதியாகி, ஊரும் இடம்பெயர்ந்து போய்விட்டது. திரும்பிப் போக இடமில்லை. விதவையான அக்காவின் ஓர் அறை வீட்டில் தங்கிவிட்டான்.

கன்னியாஸ்திரிகள் ஒரு வீல்செயார் கொடுத்தார்கள். அடுத்த வீட்டு ஹாஷிம் புறக்கோட்டையில் தான் வேலை செய்யும் கடையிலிருந்து தலையணை உறைத் துணி கொண்டுவந்து கொடுப்பான். கிளெமென்ற் கைமெஷினில் அவற்றைத் தைப்பான். கையில் பலம் இருந்தது, மூளையில் கூர்மை இருந்தது, வாயில் பகிடியும் குறையவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் அவனால் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. பொதுக் கக்கூஸுக்கு மூன்று படி. கதவு உள்ளே திறந்து பீங்கானில் முட்டிப் பாதியிலே நின்றுவிடும். கையை ஊன்றி அந்த ஈரத்தில் இழுபட்டுப் போக அவன் ஒருநாள் முயன்றான். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆகவே வாளி. வாளி என்றால் தண்ணீரில் சிக்கனம். காலையில் அரைக் கோப்பை தேத்தண்ணி குடிப்பான். பிறகு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைக்கப் போகும் அக்கா பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பி வரும்வரை ஒரு சொட்டும் குடிக்கமாட்டான். தகரக் கூரையின் கீழ், மார்ச் மாத வெயிலிலும் அப்படித்தான். இரண்டு முறை கல்லடைப்பு வந்து துடித்தான். "நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ" என்று டாக்டர் நேசமலரிடம் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

*

அந்த நாட்களில் கொழும்பில் தமிழ் வீட்டுக்காரர் தங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். வருடா வருடம் அந்தப் படிவத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். கால் இல்லாத, வடக்கிலிருந்து வந்த, பாஸ் முடிந்த ஒருவனின் பெயரை எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று நேசமலருக்குத் தெரியும். 'சண்டையில் போன கால்' என்பார்கள். ஆகவே முதல் வருடம் பயத்தில் அவன் பெயரை எழுதாமல் விட்டாள். அடுத்த வருடம் எழுதினால், போன வருடம் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் இரண்டாவது முறையும் விட்டாள். மூன்றாவது முறை யோசிக்கவே இல்லை. 'நேசமலர், ஒரு ஆள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தோட்டத்தில் பொலிஸ் செக்கிங் வரும்போது கிளெமென்றை ஹாஷிம் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலில் படுக்க வைப்பான். ஹாஷிமின் மனைவி பைறோஸா தன் வாப்பாவின் பழைய தொப்பியை அவன் தலையில் கவிழ்த்து, போர்வையை மார்பு வரை இழுத்துவிடுவாள்.

"எங்கட உம்மாட தம்பி. சீனி வருத்தத்துல கால் ரெண்டையும் வெட்டிட்டாங்க" என்று அவள் பொலிஸிடம் சிங்களத்தில் சொல்லும்போது அவளுடைய குரல் நடுங்காது. அவர்கள் போன பிறகுதான் நடுங்கும்.

"மாமாவுக்கு ஒரு ப்ளேன்டீ தா மருமகளே," என்பான் கிளெமென்ற், தொப்பியைக் கழற்றாமலே.

"வாயப் பாரு. அல்லாட காவல்ல தப்பி ஈக்கிறீங்க, இன்னம் பகிடியா?"

பொய் சொல்வது பாவம். பைறோஸாவும் அதை அறிந்தவள், நேசமலரும் அறிந்தவள். ஆனால் கடவுளின் கணக்கில் அந்தத் தொப்பி எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பதில் நேசமலருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

*

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வைகாசியில், ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் தோட்டங்களில் இருக்கும் அங்கவீனர்களுடைய வீடுகளைத் திருத்திக் கொடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது. ஒரு தோட்டத்துக்கு ஒரு வீடு. வீட்டோடு சேர்ந்த கக்கூஸ், அகலக் கதவு, படிக்குப் பதிலாகச் சாய்தளம். தோட்டச் சங்கத்தின் செயலாளர் ஒஸ்வால்ட் வீடு வீடாக வந்து அறிவித்தார்.

நேசமலர் லீவில் நின்ற ஒரு நாள் பார்வையிட வந்தவள் அருந்ததி என்ற வெள்ளவத்தைப் பெண். கையில் அளவுநாடா, தோளில் பை. கிளெமென்றின் வீல்செயாரை அளந்தாள், வாசலை அளந்தாள், பின்சுவருக்கும் மதிலுக்கும் இடையில் கிடந்த ஆறடி நிலத்தையும் அளந்தாள். பிறகு நிலத்தில் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு தாளில் படம் கீறிக் காட்டினாள்.

"இதில கொமட். இதில பிடிக்கிற கம்பி. கதிரையிலயிருந்து நீங்களே மாறலாம்."

"கம்பி வலப்பக்கம் வருமோ, மிஸ்? எனக்கு வலக்கையிலதான் பலம்."

"வலப்பக்கமே போடுவம்."

"கதவுக்கு உள்ளால கொண்டி இருக்குமோ?"

அருந்ததி நிமிர்ந்து பார்த்தாள். "ஓம். நீங்களே பூட்டலாம்."

கிளெமென்ற் படத்தில் கதவு இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "அக்கா, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி தா," என்றான். மத்தியானம் இரண்டு மணி. நேசமலர் நிரப்பிக் கொடுத்த கிளாஸை அவன் ஒரே மூச்சில் குடித்து முடித்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போகும்போது அருந்ததி படிவம் ஒன்று கொடுத்தாள். "ரெண்டு வருஷமாவது இந்த விலாசத்தில இருந்திருக்க வேணும். பொலிஸில பதிஞ்ச படிவத்தின்ர கொப்பி இணைச்சால் காணும், வேறொண்டும் வேண்டாம்."

நேசமலர் தன்னிடம் இருந்த மூன்று கொப்பிகளையும் எடுத்துக் கொடுத்தாள். அருந்ததி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இதில உங்கட பேர் மட்டுந்தானே இருக்கு?"

நேசமலர் தம்பியைப் பார்த்தாள். அருந்ததிக்கு விளங்கிவிட்டது. அவளும் தமிழ்ப்பெண்தான்.

"அக்கா, நான் கண்ணால கண்டிட்டன். ஆனா பேப்பரில இல்லாத ஆளுக்கு நான் எப்பிடிக் கட்டிக் குடுக்கிறது? ஒரு மாதம் பாத்துக்கொண்டிருக்கிறன். பொலிஸிட்டயிருந்து ஏதாவது ஒரு கடிதம், இவர் தொண்ணூத்தஞ்சிலயிருந்து இங்க எண்டு. அது காணும்."

*

"அதெல்லாம் வேண்டாத வேலை, நேசம்," என்றார் ஒஸ்வால்ட். "பொலிஸோட போய் மாட்டாதைங்கோ. அடுத்த தரமும் இப்பிடி ஒரு புரொஜெக்ற் வரும், பாப்பம்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது. ஆனால் கிளெமென்ற் கேட்கவில்லை.

"மூண்டு வருஷமா நான் இல்லாத ஆள், அக்கா. இல்லாதவனுக்கு ஆர் கக்கூஸ் கட்டுவினம்? போய் உள்ளதைச் சொல்லுவம்."

"உன்னை உள்ளுக்குப் போட்டா?"

"போடட்டும். அங்கையாவது கக்கூஸ் இருக்கும்."

"விசர்க் கதை கதையாதை!"

"விசர்க் கதைதான். ஒவ்வொரு நாளும் நீ அதைத் தூக்கிக்கொண்டு போகேக்க நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறன். நித்திரை எண்டு நினைச்சனியோ?"

செவ்வாய்க்கிழமை நேசமலர் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய், சனம் நெரிந்த பூசையில் முழங்காலில் நின்று அழுதாள். உள்ளதைச் சொல்கிறவர்களை ஆண்டவர் கைவிடமாட்டார் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை லீவு கேட்டுக்கொண்டு தம்பியை ஓட்டோவில் ஏற்றினாள். வீல்செயாரை மடித்து ஓட்டோவின் பின்பக்கம் கட்டினார்கள்.

பொலிஸ் நிலையத்துக்கும் படிதான். ஐந்து படி. நேசமலர் மேலே போய் விஷயத்தைச் சொல்ல, "ஆளைக் கொண்டுவா" என்றார்கள். ஆளைத் தூக்க ஆளில்லை. கிளெமென்ற் படிக்குக் கீழே முற்றத்து வெயிலில் இரண்டரை மணிநேரம் இருந்தான். மடியில் ஆஸ்பத்திரி அட்டையும் அந்தப் பழைய பாஸும். காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்திருந்தான்.

கடைசியில் ஒரு கொன்ஸ்தாபிள், நரை விழுந்த மீசைக்காரன், பெரிய பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தானே இறங்கி வந்தான். கடைசிப் படியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்தான். கிளெமென்றை ஏறிட்டுப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"தொப்பிய கோ?" என்றான், தாழ்ந்த குரலில்.

நேசமலர் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். தை மாதச் செக்கிங்கில் பைறோஸாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மீசை இதுதான். கிளெமென்றின் தலையையே பார்த்தபடி அவன் தொப்பி எங்கே என்று கேட்கிறான்.

கொன்ஸ்தாபிள் கை நீட்டி ஆஸ்பத்திரி அட்டையை வாங்கினான். மேலே பெரிதாக 1995 என்று எழுதியிருந்தது. அதை நாலாக மடித்து, நேசமலரின் கைப்பைக்குள் தானே வைத்தான். பாஸை விரித்தான். அதில் தேதி இருந்த இடம் மடிப்பில் கிழிந்து போயிருந்தது. அந்தக் கிழிசலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"ஈயே ஆவே, நேத?" என்றான். நேற்றுத்தானே வந்தது?

மேலே வாசலில் சார்ஜன்ட் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொன்ஸ்தாபிளின் கண் நேசமலரின் முகத்தில் நிலைத்து நின்றது. 'ஓம் என்று சொல்' என்று அந்தக் கண் சொல்லிற்று. மூன்று வருடம் ஒளித்து வைத்தவள், ஒளிக்க உதவிய அடுத்த வீட்டுக்காரி, அவளுடைய புருஷன் என்று எல்லோருடைய தலையும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

"ஓம்... ஒவ் மாத்தயா. ஈயே," என்றாள் நேசமலர்.

அவன் எழுதினான். முத்திரை குத்திக் கொண்டுவந்து துண்டைக் கொடுத்தான். நேசமலர் இரண்டு கையாலும் அவனைக் கும்பிட்டாள். உள்ளதைச் சொல்லப் போனவள் பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்காக அழுதழுது நன்றி சொன்னாள். கொன்ஸ்தாபிள் சங்கடத்தோடு கையை அசைத்து, ஓட்டோவைத் தானே கூப்பிட்டு, கிளெமென்றைத் தூக்கி உள்ளே இருத்திவிட்டான்.

ஓட்டோ புளூமென்டால் வீதியில் திரும்பும்வரை அவள் செபம் சொல்லிக்கொண்டே வந்தாள். தம்பியின் முகத்தை அதற்குப் பிறகுதான் கவனித்தாள்.

"என்னடா? சந்தோஷப்படன். இனி உன்ர பேர் பதிஞ்சு கிடக்கு."

"ஓம், அக்கா. நேற்று வந்தவன் எண்டு பதிஞ்சு கிடக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துண்டை விரித்தாள். சிங்கள எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கம் விளங்கும். நேற்றைய தேதி. இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு நாள்.

"ஓட்டோவைத் திருப்பச் சொல்லுறன்..."

"திருப்பி? அந்த மனுசன் எங்களுக்காகப் பொய் எழுதினவன். பைறோஸாவையும் சேத்துக் காப்பாத்தினவன். போய், நீ எழுதினது பொய் எண்டு சார்ஜன்டுக்குச் சொல்லுறதோ?"

அவள் துண்டை மடித்தாள். ஓட்டோ நேரே போயிற்று.

*

அருந்ததி அந்தத் துண்டிலிருந்த தேதியைப் பார்த்துவிட்டுத் தன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ," என்றாள் கிளெமென்றைப் பார்த்து. அவள் கீறிய படத்தை அவன் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தான். அதைப் பார்க்காமலே எழுந்து போனாள்.

வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போயிற்று. அடுத்த பெயர் ஒஸ்வால்டின் மாமியார், பாரிசவாதக்காரி. பொலிஸ் பதிவில் எட்டு வருடமாக அவளுடைய பெயர் ஒழுங்காக இருந்தது. ஒரேயொரு குறை, அவள் போன தவக்காலத்தில் மாதம்பிட்டி மயானத்துக்குப் போய்விட்டாள். பெயரை வெட்ட வேண்டுமென்றால் பொலிஸுக்குப் போக வேண்டும். ஒஸ்வால்ட் போகவில்லை. பார்வையிட வந்தவர்களிடம், நீர்கொழும்பில் மற்ற மகள் வீட்டில் வைத்தியம் நடக்கிறது என்று சொன்னார்.

இறந்தவளுக்குக் கக்கூஸ் கட்டத் தொடங்கினார்கள். வெள்ளைத் தரையோடு, கொமட், வலப்பக்கத்தில் பளபளவென்று ஒரு கம்பி. கதவுக்கு உள்ளே கொண்டி, வெளியே ஆமைப்பூட்டு.

நேசமலர் குழாயடியில் ஒஸ்வால்டை மறித்தாள். "ஒஸ்வால்ட் அண்ணை, உங்கட மாமியின்ர ஆத்துமாவுக்கு நானுந்தான் பூசை கேட்டனான்."

அவர் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிழைதான், நேசம். ஆனா எங்கட ரெண்டு வீட்டுப் பேப்பரும் அப்பிடித்தானே?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இருப்பவனை மறைத்தவள், செத்தவளை வைத்திருப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. பயத்தில் செய்ததும் பேராசையில் செய்ததும் கடவுளுக்கு வேறு வேறாகத் தெரியும். பொலிஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலை முடிகிற நாள், மேசன் சூசைதாசன் மிஞ்சிய சீமெந்தை வண்டிலில் தள்ளிக்கொண்டு பொதுக் கக்கூஸடிக்கு வந்தான். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. மூன்று படிக்கும் மேலே பலகை அடித்து, கல் நிரப்பி, சாய்தளம் ஒன்று போட்டான். "ரெண்டு நாளைக்கு மிதிக்க விடாதைங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் கிளெமென்ற் சில்லைக் கையால் உருட்டி ஏறினான். சரிவு செங்குத்து. பைறோஸாவும் நேசமலரும் பின்னால் தாங்கிக்கொண்டார்கள். மேலே போனதும், பாதியில் நின்ற கதவில் வீல்செயாரின் கால்தட்டு முட்டிக்கொண்டது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"வாசல் வரைக்கும் வந்திட்டன்," என்று கிளெமென்ற் சிரித்தான். "மிச்சத்துக்கு அடுத்த புரொஜெக்ற் வரட்டும்."

பைறோஸா சிரிக்கவில்லை. கதவின் பிணைச்சலைப் பார்த்தாள். "ஆணிதானே இது. கழட்டினா கதவு வந்திடும்."

கழற்றினார்கள். கதிரை உள்ளே போயிற்று. ஹாஷிம் வேலையால் வந்து, பீங்கானுக்கு மேலே வைக்க நடுவில் ஓட்டை போட்ட வாங்குப் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தான். கதவு இருந்த இடத்தில் பைறோஸா தன் வீட்டு நீலத் தார்ப்பாய்ப் படங்கைத் தொங்கவிட்டாள்.

ஒன்பது நாள் வாளி வெளியே போகவில்லை. பத்தாம் நாள் காலை கதவு பழைய இடத்தில் நின்றது. படங்கு மடித்து நேசமலரின் வாசலில் வைக்கப்பட்டிருந்தது. சங்கத்தின் தீர்மானம் என்றார் ஒஸ்வால்ட். பெண் பிள்ளைகள் இருக்கிற தோட்டத்தில் துணியை நம்பி இருக்க முடியாது என்று பல வீடுகளும் சொன்னவையாம். அந்தப் பல வீடுகளில், அவளுக்கு வரிசையில் வழி விட்ட வீடுகளும் இருந்தன. அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு ஆகக் கசந்தது.

அன்று முழுநாளும் கிளெமென்ற் ஒன்றும் குடிக்கவில்லை. பின்னேரம் வாளி மறுபடி கட்டிலின் கீழே வந்தது.

மறுநாள் நாலரை மணிக்குக் கதவைத் தட்டினாள் பைறோஸா. தலையில் முக்காடு, ஒரு கையில் சுத்தியலும் ஆணியும், மறு கையில் படங்கு. விடியற்காலைச் சுபஹு தொழ எழும்பியவள்.

"வாங்க அக்கா. சனம் வர முந்திக் கழட்டிட்டுத் திரும்பப் போட்டுடுவோம். கதவு அவங்களுக்கும் ஈக்கட்டும்."

இரண்டு பெண்களும் கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கினார்கள். ஈரத்தில் ஊறிய பலகை நல்ல பாரம். சுவரில் சாய்த்துவைத்து, படங்கைக் கட்டி, கிளெமென்றை உள்ளே விட்டு, இருவரும் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒஸ்வால்ட் வீட்டுப் பின்பக்கம் ஆமைப்பூட்டு தெருவிளக்கில் மின்னியது. பைறோஸா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். நேசமலர் அருள்நிறை மரியே சொன்னாள். இருபது நிமிடத்தில் ஆணி திரும்ப அடிபட்டது. ஐந்து மணி வரிசைக்கு முதலில் வந்தவருக்குக் கதவு கதவாகவே இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நடந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் வந்து ஒரு பக்கம் பிடிக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து நேசமலர் சோறு போட்டாள். கூரைத் தகரம் கொதித்தது. கிளெமென்ற் தலையணை உறையை மெஷினிலிருந்து இழுத்து நூலை அறுத்தான்.

"அக்கா, தண்ணி தா."

அவள் பெரிய கிளாஸை எடுத்துக் குடத்தைச் சரித்தாள்.

"காணும், காணும்," என்று அவன் அவசரமாகக் கையைக் காட்டினான். "அரைக் கிளாஸ் காணும். நாளைக்கு விடியத்தானே கதவு கழட்டுறது."